ஆண் இல்லாத வீடு

"அப்போ இந்தச் சட்டை யாரோடது?"

"எங்க அண்ணனோடது சார்."

"அண்ணன் எங்க?" என்றார் வீட்டைச் சோதிக்க வந்த ஆபீசர்.

தையல்காரி சமையலறைப் பக்கம் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றிருந்த அவள் கணவன், அந்த நொடியில் அவளுக்கு அண்ணனாகி, தலையைச் சொறிந்துகொண்டே வெளியே வந்தான். கொடியில் காய்ந்த சட்டையில் இருந்த அதே நீலப் பெயின்ட் அவன் காதிலும் இருந்தது.

சட்டம் எளிமையானது. ஆண் இருக்கும் வீட்டில் வறுமை இருக்காது என்று எங்கோ ஒரு பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் முடிவு செய்திருந்தார்கள். ஆகவே புதிய குடியிருப்பில், கணவனைச் சட்டப்படி பிரிந்த பெண்களுக்கு மட்டும் வீடு. ஆற்றோரக் குடிசைகளை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பெயின்டரான அவன் தன் மனைவியை விவாகரத்து செய்தான். கையெழுத்துப் போடும்போது அவள் அழுதாள். அவன்தான் டீ வாங்கிக்கொடுத்துத் தேற்றினான். மூட்டைகளை மூன்றாவது மாடிக்குத் தூக்கி வந்ததும் அவன்தான். குழாயைத் திறந்ததும் தண்ணீர் வந்தது. தூரத்து மலையில் கிளம்பிய நதி தங்கள் விலாசத்தை விசாரித்து வந்துவிட்டதுபோல இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இனி இந்த ஆபீசர் பார்த்து, 'ஆண் இல்லை' என்று எழுத வேண்டும். எழுதிவிட்டால் வீடு சொந்தம். இல்லையென்றால் தெரு.

ஆபீசர் நல்ல மனிதர். அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் சீக்கிரம் போயிருப்பார். அண்ணன் இங்கேதான் தங்குகிறாரா என்று கனிவாக விசாரித்தார். சம்பாதிக்கிற அண்ணன் கூடவே தங்கினாலும் வீடு போய்விடும். சும்மா எட்டிப் பார்க்க வந்தேன் என்றான் பெயின்டர். அப்போது பார்த்து அவர்களுடைய குட்டிப்பெண் ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா" என்றாள்.

"அப்பன் இல்லாத பிள்ளை சார்," என்றாள் தையல்காரி அவசரமாக. "பாக்குற ஆம்பளையெல்லாம் அப்பாங்குது."

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதுவும் எழுதாமல், மறுபடி வருவதாகச் சொல்லிப் போனார்.

அன்றிலிருந்து வீட்டில் பயிற்சி. 'மாமா' என்றால் ஒரு பிஸ்கட். குட்டி கெட்டிக்காரி. சீக்கிரமே தூக்கத்தில்கூட மாமா என்றே உளறினாள். ஆனால் அப்பா என்ற சொல் சும்மா கிடப்பதைக் குழந்தை கவனித்திருக்க வேண்டும். அடுத்த முறை ஆபீசர் ஒரு பந்தோடு வந்தபோது, அந்தச் சொல்லை அவருக்குக் கொடுத்துவிட்டாள்.

ஆபீசர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். இப்படிப்பட்ட குடும்பத்தை எப்படி விட்டுப்போக மனம் வந்தது அந்த ஆளுக்கு என்று கேட்டார். தையல்காரி விளக்கினாள். சோம்பேறி, வாய்ச்சவடால்காரன், கூரை ஒழுகினால் பாயை நகர்த்திப் போட்டுத் தூங்குகிறவன். பாய் விஷயம் நிஜம் என்பதால் பெயின்டருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அண்ணன் அண்ணன்தான். தங்கையைவிட இரண்டு மடங்கு அந்த ஆளைத் திட்டினான்.

"ஒருவேளை அந்த ஆள் திரும்பி வந்துட்டா?" என்றார் ஆபீசர்.

"வாசப்படிய மிதிக்க விடமாட்டேன் சார்," என்றான் பெயின்டர், வாசற்படிக்கு உள்ளே நின்றபடி.

ஆபீசருக்குத் திருப்தி. ஞாயிற்றுக்கிழமை முக்கியமான ஒருவரை அழைத்து வருவதாகவும், அவர் பார்த்துச் சரி என்றுவிட்டால் எல்லாம் முடிந்ததாகவும், அண்ணன் அவசியம் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். போகும்போது, "வரேன் மச்சான்," என்றார். அரசாங்கமே தோளில் கை போட்டதுபோல் இருந்தது பெயின்டருக்கு.

மேலதிகாரி வருகிறார். சவரக்கத்தி அரிசி டப்பாவுக்குள் போனது. கல்யாணப் படம் மெத்தைக்கு அடியில் போனது. பெயின்டரின் செருப்பை வாங்கி வைத்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரி, புருஷனையும் வேண்டுமானால் இங்கேயே போட்டுவிட்டுப் போ என்று சிரித்தாள்.

மேலதிகாரி பருமனான பெண்மணி. வந்ததும் உட்காரவில்லை. குழாயைத் திறந்து பார்த்தார். ஜன்னலை ஆட்டிப் பார்த்தார். குட்டியின் பல்லைப் பார்த்தார். தையல்காரியின் உடம்புக்கு ஏதாவது உண்டா, சமையல் வருமா, கோபம் வருமா என்று துருவினார். ஏழைகளுக்கு வீடு கொடுக்க இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று பெயின்டர் மலைத்துப்போனான். ஆபீசரோ புதுச் சட்டையில், படிய வாரிய தலையோடு, மூலையில் நின்று தரையைப் பார்த்தார். மேலதிகாரியிடம் மனிதருக்கு என்ன பயம் என்று இரக்கமாக இருந்தது.

கடைசியில் அந்த அம்மாள் நாற்காலியைப் பெயின்டருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த வீட்டுக்குப் பெரியவர் ஸ்தானத்தில் இருப்பது நீங்கள்தானே என்று கேட்டார். அவன் பலமாகத் தலையாட்டினான்.

"அப்போ உங்ககிட்டதான் முறையா கேக்கணும். நான் இவனோட அக்கா. தனி ஆம்பளைக்கு வீடு குடுக்கச் சட்டத்துல இடமில்லையாம், இத்தனை வருஷமா லாட்ஜ் ரூம்ல கிடக்கான். நாங்க நல்லா விசாரிச்சுட்டோம். ஒருதடவை எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் பழைய புருஷன் திரும்பி வந்தாத்தான் இந்த வீடு போகுமாம், புதுசா ஒருத்தரைக் கட்டிக்கிட்டா போகாதாம். உங்க தங்கச்சிய என் தம்பிக்குக் குடுத்துடுங்களேன்."