மொட்டைத்தலையும் ரெண்டு ஹேர் ட்ரையரும்

நியூ ஜெர்சிக்குக் குளிர்காலம் வருவதே பைப் அங்கிளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான். பிஸ்கட்டவேயில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் அலுப்போடு சொல்வார்கள்.

மருந்து கம்பெனியில் ரிட்டயரானவர், மகள் தூரத்து ஊரில் இருக்க, தனியாக இருந்தார். நிஜப்பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எங்கள் வீடுகளில் பாய்லரில் சூடாகும் தண்ணீர், குழாய்களில் ஓடித்தான் அறைகளைக் கதகதப்பாக்கும். கடுங்குளிரில் அந்தத் தண்ணீர் ஓடாமல் நின்றால் உறைந்துபோகும், குழாய் வெடிக்கும், வீடே ஊறிப்போகும். தெருவிலுள்ள அத்தனை குழாய்களையும் ஆண்டவன் தன் பொறுப்பில் விட்டிருப்பதாக அங்கிள் நம்பினார்.

ஆபீஸ் முடிந்து, கடைக்கும் போய்விட்டு, செத்துப்போய் காரிலிருந்து இறங்குவேன். எங்கிருந்தோ குரல் வரும்.

"கராஜ மூடும்மா! பைப்புக்கு நேரா காத்து அடிக்குது!"

"அங்கிள், அரிசி மூட்டை கைல இருக்கு."

"அரிசி உறையாதும்மா. பைப் உறையும்."

எதிர்வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எல்லோரும் ஹோமத்தைச் சுற்றி நிற்க, இவருடைய கால்கள் மட்டும் கிச்சன் சிங்க்குக்குக் கீழேயிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. சாஸ்திரிகள் கவனிக்காமல் அந்தக் கால்களிலும் அட்சதை போட்டுவிட்டுப் போனார்.

என் மகள் நிலாவின் பிறந்தநாளுக்கு நீளநீளமாக ஏதோ பளபளப்புத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்தால் குழாய்க்கு மாட்டுகிற ஃபோம் உறை. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஆளுக்கு ஒன்றை எடுத்து மண்டையில் அடித்துக்கொண்டார்கள். "அடிக்காதீங்க கண்ணுங்களா, அது பைப்போட ஸ்வெட்டர்!" என்று பின்னாலேயே ஓடினார். கேக் வெட்ட ஆளைக் காணோம்.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம் அது. ப்ராஜெக்ட் என்று கணவர் டெக்ஸாஸ் போயிருந்தார். நிலாவுக்குக் காய்ச்சல். எனக்கோ மடியில் லேப்டாப், காதில் மீட்டிங், தூக்கம் என்பதே மறந்துபோயிருந்தது. ஊரே விறைத்த ஒரு காலையில் கராஜுக்கு மேலிருக்கும் ரூமுக்குப் போனால் ஐஸ்பெட்டிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. சுவரோர ஹீட்டரைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது.

கணவருக்கு போன் போட்டேன்.

"அந்த ரூம்ல யாரும் படுக்கறதில்லையேன்னு கிளம்பறப்ப நான்தான் தெர்மோஸ்டாட்ட ஆஃப் பண்ணேன். அவ்ளோ குளிரா? இங்க சுகர் லேண்ட்ல ஏசி ஓடுது."

போனை கட் பண்ணினேன். கூப்பிட்ட பிளம்பர் ஒருவரும் போனை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் அங்கிளைக் கூப்பிட்டேன். நான் போனை வைப்பதற்குள் வாசலில் மணி அடித்தது. மங்கி குல்லா, மூன்று ஸ்வெட்டர், இரண்டு கையிலும் ஹேர் ட்ரையர். குல்லாவைக் கழற்றினால் ஒரு முடி கிடையாது.

"இது எதுக்கு அங்கிள் உங்க வீட்ல?"

"இதுக்குத்தாம்மா!"

தெர்மோஸ்டாட்டை ஏற்றிவிட்டு, கராஜில் ஏணி போட்டு ஏறினார். கூரையோரமாகப் போகும் குழாயில் ஓரிடத்தில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. "நெருப்பு கிருப்பு காட்டக்கூடாது. கொழந்தைக்குத் தலை காய வைக்கற மாதிரி மெதுவா பண்ணணும்" என்று சூடான காற்றை அடிக்க ஆரம்பித்தார். இரண்டாவது ட்ரையரைப் போட்டதும் பிரேக்கர் ட்ரிப் ஆகி கரண்ட் போனது; என் மீட்டிங்கும் அதோடு செத்தது. அன்றைக்கு எனக்கு நடந்த முதல் நல்ல காரியம்.

பிரேக்கரைத் திரும்பப் போட்டுவிட்டு, ஒரே ட்ரையரால் விடாமல் அடித்தார். "வந்துடு கண்ணு, வந்துடு" என்று குழாயைக் கெஞ்சினார். வெடித்துவிடுமோ என்று நான் கீழே ஒரு பக்கெட்டை வைத்தேன். திடீரென்று குழாய்க்குள் களக் களக் என்று சத்தம் கேட்டது.

"கேட்டியா? ஓடுதும்மா!"

எங்கும் ஒழுகவில்லை. காபி போடுகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் சோபாவில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் தெரியும்.

கண் விழித்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. என்மேல் கம்பளி. ரச வாசனை. கிச்சனில் அங்கிள் நிலாவுக்கு ரசஞ்சாதம் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் போடாத கண்ணு, அம்மா தூங்கறாங்க."

"ஷி இஸ் ஆல்வேஸ் டயர்ட், அங்கிள்."

"தெரியும் கண்ணு. டெய்லி பாக்கறேனே."

நான் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.

போன கோடையில் அவருடைய மகள் அவரை மில்பிடாஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே குழாய் உறைகிற குளிரே கிடையாது. பாவம், மனுஷன் எப்படிப் பொழுதைப் போக்குகிறாரோ!

இந்த வருஷம் முதல் குளிர் அலைக்கு முந்தின நாள், எல்லா ரூமிலும் ஹீட்டர் ஓடுகிறதா என்று பார்த்தேன். குழாய் உறைகளைச் சரிபார்த்தேன். ஒன்றும் பாக்கியில்லை என்று ஆனதும் அவருக்கு போன் போட்டேன்.

"அங்கிள், நாளைக்குக் கடுங்குளிராம். என்ன பண்ணணும்னே புரியல."

"பயப்படாத. மொதல்ல நீ உக்காரும்மா, ஒண்ணொண்ணா சொல்றேன்."

உட்கார்ந்துகொண்டேன்.