முழங்கால் அளவு நிதானம்

கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. உலகத்தில் எத்தனையோ மகத்தான காரியங்கள் நடந்திருக்கின்றன. ஆனால் 1934-ல் மயிலாப்பூர் நிதான சங்கம் "நிதானம்" என்ற சொல்லுக்குப் பொருள் கண்டதற்கு ஈடாக ஒன்றும் கிடையாது. அதைச் சொல்கிறேன்.

சங்கத் தலைவர் வக்கீல் பஞ்சாட்சரம். குடிநீர்க் கமிட்டிக்கும் அவரே தலைவர். ஊரூர்க் குப்பத்துக் கிணறு உப்பாகிவிட்டது. புதுக் கிணறு கேட்டு, மீன் விற்கும் அந்தோணியம்மாள் அவரிடம் மனுக் கொடுத்து இரண்டு வருஷம். போகும்போதெல்லாம் அவருடைய பதில் ஒரே சொல்தான்: "நிதானம்." நல்ல தண்ணீருக்காகத் திருவான்மியூர் வரை குடத்தோடு நடக்கையில் அந்தச் சொல்லைத்தான் அவள் மென்றுகொண்டு போவாள்.

அவ்வருஷக் கூட்டத்துக்கு "சந்தடியற்ற ஸ்தலம்" என்று அடையாற்று முகத்துவாரத்து மணல்திட்டு ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மேஜை, ஆறு நாற்காலி, ஆறு தலைப்பாகை அத்தனையையும் அந்தோணியம்மாளின் புருஷன் லாசர் கட்டுமரத்தில் மூன்று நடையாகக் கொண்டு சேர்த்தான். மனுவைப் புதிதாக எழுதிக்கொண்டு அவளும் போனாள்.

"நிதானமாவது யாதெனில்..." என்று தொடங்கினார் தலைவர்.

"ஐயா, தண்ணி ஏறிக்கினு கீது," என்றான் லாசர்.

"பதற்றம் நிதானத்தின் சத்துரு. குறித்துக்கொள்ளும்."

காரியதரிசி குறித்துக்கொண்டார். செருப்புகள் மிதந்து போயின. அதுவும் குறிக்கப்பட்டது.

தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் ஆறு பேரும் நாற்காலிமேல் ஏறினார்கள். "ஏம்மா, கட்டுமரத்தைச் சீக்கிரம் கொண்டாரச் சொல்லு." தலைவரின் குரல் சங்க விதிகளுக்கு முரணாக இருந்தது.

கட்டுமரத்தில் உட்கார்ந்தபடி அந்தோணியம்மாள் வெற்றிலை மடித்தாள். "உங்க மனு வந்துகீது வக்கீலய்யா. நானும் எங்க வூட்டுக்காரரும் கமிட்டி கூடிப் பேசணும். ரெண்டு வருஷம் ஆவும். நிதானம்."

"இந்தத் தண்ணி இடுப்புக்கு மேல ஏறாதும்மே," என்று லாசர் அவள் காதில் முணுமுணுத்தான்.

"அது அவுங்களுக்கு இன்னாத்துக்கு? நீ சும்மா கெட."

அவள் கையிலிருந்த கிணற்று மனு தலைவரிடம் நீண்டது. காரியதரிசியின் முதுகே மேஜையாயிற்று. தலைவர் கையெழுத்திட்டு, கேட்காமலே "மிக அவசரம்" என்று எழுதி இரண்டு கோடும் இழுத்தார்.

மறுநாள் பதிவேடு சொல்லிற்று: "தலைவரவர்கள் ஓர் ஏழை ஸ்திரீயின் மனுவை நிதானமாகப் பரிசீலித்தார்கள்." ஒரே மாதத்தில் கிணறு வந்தது.

உங்கள் வீட்டுக் குடம் என்றும் நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா. நாக்கு வறண்டு வாசலில் நிற்பவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லும் வக்கீல் ஒருவரும் உங்கள் வம்சத்தில் பிறக்காதிருக்கட்டும்.