குளோரின் சாரின் கவரிங் லெட்டர்

தெருநாயைக்கூட "கொஞ்சம் தள்ளிப் போங்க" என்று சொன்ன மனிதர் திருப்பூரிலேயே குளோரின் சார் ஒருவர்தான். அதே மனிதர் பேனாவைத் திறந்தால் எதிராளியின் ஏழு தலைமுறைக்கும் அர்ச்சனை நடக்கும்.

அறுபதுகளில் நான் ரயிலடிப் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தேன். அவர் ஒரு சாயப்பட்டறையில் கெமிஸ்ட். அவர் படியேறுவதற்கு இரண்டு நிமிஷம் முன்பே பிளீச்சிங் பவுடர் நெடி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடும்.

அவர் வெளுத்துக் கொடுத்த வெள்ளை பனியனெல்லாம் பெட்டியில் வைத்தபடியே மஞ்சளாகிக்கொண்டிருந்தது. "படிச்ச ஆளை வெச்சும் இந்த லட்சணமா?" என்று முதலாளி ஆட்கள் எதிரிலேயே கேட்டுவிட்டார். குளோரின் சார் எட்டு மாதம் சோதனை செய்து, கடைசி அலசலில் மருந்து மிச்சம் நிற்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். இங்கிலீஷில் கட்டுரை எழுதி, பம்பாயில் ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பினார். இரண்டு முறை அனுப்பியும் திரும்பி வந்தது. கட்டுரையில் பழுதில்லை. மேலே வைத்த கவரிங் லெட்டர்தான் வினை. "தங்களுக்கு பனியன் அணியும் வழக்கம் உண்டா? துவைக்கும் வழக்கமாவது உண்டா?" என்று ஆசிரியரை விசாரித்தால் யார்தான் போடுவார்கள்?

லெட்டரை டைப் அடித்து வாங்க மூன்றாம் முறை வந்தார்.

"இந்த வாட்டி கொஞ்சம் காரமாப் போட்டிருக்கறனுங்க."

படித்தேன். ஆசிரியரைக் கழுதை என்று எழுதி, அடுத்த வரியில் கழுதையிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார்.

"ஏனுங்க சார், கட்டுரை அச்சுல வரணுங்களா, வேண்டாமுங்களா?"

"வந்தாத்தானுங்க மொதலாளி முன்னால நான் தலை நிமுந்து நடக்க முடியும்."

"அப்பறம் எதுக்குங்க இத்தனை வசவு?"

"அவனுகளுக்கு மரியாதைன்னா என்னன்னு தெரியோணுமுங்க!"

வழக்கம்போல வெறும் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். டைப் அடித்ததைத் திரும்பப் படித்தால் கோபம் ஆறிவிடுமாம்.

நான் துணிந்தேன். "மதிப்பிற்குரிய ஐயா, கட்டுரையை இணைத்துள்ளேன். வேறெங்கும் அனுப்பவில்லை. தங்கள் திருத்தங்களை நன்றியுடன் ஏற்பேன்." கையெழுத்துக்கு மேலே இந்த மூன்றே வரிகளை இங்கிலீஷில் அடித்துத் தபாலில் சேர்த்தேன்.

கட்டுரை அச்சில் வந்தது. முதலாளி அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு ஆபீஸில் மாட்டினார். குளோரின் சார் பத்திரிகையும் கையுமாக ஓடி வந்தார்.

"பாத்தீங்களா? கழுதைன்னதும் வழிக்கு வந்துட்டானுக!"

நான் வாயே திறக்கவில்லை. அதன் பலன், அன்றிலிருந்து சோப்புக் கம்பெனி, பஞ்சாங்கம் போடுகிறவர் என்று ஒருவரையும் அவர் விடவில்லை.

ஒருநாள் வாரப்பத்திரிகை ஒன்றிலிருந்து என் சிறுகதை திரும்பி வந்திருந்ததை மேஜையில் பார்த்துவிட்டார்.

"உங்களுக்கு எழுதத் தெரியுதுங்க. அனுப்பத்தான் தெரியலீங்க" என்று அங்கேயே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினார். மூன்றரைப் பக்கம் ஆசிரியருக்கு வசவு. அரைப் பக்கம் என்னைப் பற்றிய புகழ்ச்சி. பெற்ற தாய்கூட அப்படி எழுதமாட்டாள்.

அதை மட்டும் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் கதையோடு வைத்து அனுப்பினேன்.

இரண்டும் சேர்ந்தே திரும்பி வந்தன. கதையை அன்றே கிழித்துப் போட்டேன். கடிதம் இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது.