மாமனார் நாற்காலியும் லமாண்ட் கோச்சும்

லமாண்ட் கோச்சின் சீட்டைக் கிழித்தே தீருவது என்று ஆர்விட் லுண்டீன் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிவு செய்தார். முடிவு செய்ததும் அவருக்குப் பசித்தது. மனுஷனுக்கு அப்படி ஒரு உடம்பு. சின்ன முடிவென்றால் ஒரு பிஸ்கட்டோடு போகும், பெரிய முடிவென்றால் முழுச் சாப்பாடு வேண்டும்.

துலூத் என்ற ஏரிக்கரை ஊரின் 'நாரைகள்' கூடைப்பந்து அணிக்கு அவர் ஜெனரல் மேனேஜர். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கி ஆடுகிற பெரிய அணிதான். ஆனால் மூன்று வருஷமாக, "இளைஞர்களை வைத்துப் புதிதாகக் கட்டுகிறோம்" என்று சொல்லிச் சொல்லியே தோற்றுக்கொண்டிருந்தது. அந்த சீசனில் ஐம்பத்தேழு ஆட்டம் ஆகியிருந்தது. ஜெயித்தது பதினாலு. ஆட்டக்காரர்களில் பாதிப் பேருக்கு இன்னும் மீசையே ஒழுங்காக முளைக்கவில்லை.

டைரக்டர்கள் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கோச்சைப் பற்றிய தீர்ப்பை ஆர்விட் எழுதி அனுப்ப வேண்டும், இத்தனை தோல்விக்கும் யாராவது ஒருத்தர் பொறுப்பேற்றுப் போயாக வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த ஒருத்தர் கோச்சாக இருக்கலாம், ஆர்விட்டாகவும் இருக்கலாம். ஆர்விட்டுக்கு மற்ற கணக்கெல்லாம் தடுமாறும், இந்தக் கணக்கு மட்டும் ஒரே நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

இதில் ஒரு சிக்கல். அணியை ஆரம்பித்தவர் அவருடைய மாமனார் தோர்வால்ட். ஆர்விட்டுக்கு வேலை கிடைத்தது கல்யாணத்தில் கிடைத்த மாதிரிதான். கிழவர் இரண்டு வருஷத்துக்கு முன் கண்ணை மூடினார். பங்குகள் மகள் இங்கா பெயருக்கு வந்தன. ஆகவே வெளியில் போடும் உத்தரவை முதலில் வீட்டில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுவது ஆர்விட்டின் பழக்கம்.

காட்டரிசி சூப்பை உறிஞ்சிக்கொண்டே உத்தரவைப் போட்டார்.

"பதினாலு ஜெயிப்பு, நாப்பத்தி மூணு தோல்வி. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"ட்ரேவன் அக்டோபர்ல பந்தை எத்தனை தரம் கோட்டை விட்டான், இப்ப எத்தனை தரம் விடறான்? பாத்தீங்களா?" என்றாள் இங்கா.

"அந்தக் கணக்கெல்லாம் என் மேஜைக்கு வர்றதில்ல."

"வருது. நீங்கதான் அது மேல காபியை வெக்கறீங்க."

ட்ரேவன் இருபது வயதுப் பையன். போன வருஷம் பந்து கையில் வந்தால் யாருக்கும் கொடுக்க மாட்டான், பிறந்தநாள் பரிசு மாதிரி கட்டிப் பிடித்துக்கொள்வான். இப்போது கொடுக்கிறான் என்பது இங்காவின் கட்சி. கொடுத்து என்ன, தோற்கிறோமே என்பது ஆர்விட்டின் கட்சி. ஒரு மனுஷனின் வேலைக்கு உலை வைக்கும் முன் சீசன் முழுக்க எடுத்த படத்தையாவது ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு இங்கா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பார்த்தால் இன்னும் நாலு குற்றம் கிடைக்குமே என்று ஆர்விட்டும் நிலவறைக்கு இறங்கினார்.

வெளியே மூடுபனி. ஏரி இருக்கிற இடமே தெரியவில்லை. கப்பல்களுக்காக ஊதும் சங்கு நிமிஷத்துக்கு ஒரு தடவை, வயிற்றுவலி வந்த மாடு மாதிரி கத்திக்கொண்டிருந்தது. ஆர்விட் விளக்கை அணைத்துவிட்டுப் படத்தைப் போட்டார்.

நாலாவது ஆட்டத்தில்தான் அதைக் கவனித்தார். களத்தின் ஓரத்தில் நிற்கிற லமாண்ட், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு இடது பக்கம் திரும்பினார். தலையைச் சாய்த்தார். உதடு அசைந்தது. "சரி" என்பது போல் தலையாட்டினார். உடனே ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி ஒரு பையனை மாற்றினார். அடுத்த பந்து கூடைக்குள் விழுந்தது.

அவர் முகத்துக்கு நேரே இருந்தது ஒரு நாற்காலி. காலி நாற்காலி.

ஆர்விட் படத்தை நிறுத்தினார். அது மாமனார் தோர்வால்டின் நாற்காலி. அவர் போனதிலிருந்து அதில் யாரும் உட்காருவதில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு காகிதக் கோப்பையில் சூடாகக் கடுங்காபி கொண்டுவந்து அதன் கைப்பிடியில் வைப்பார்கள். ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது.

படத்தைப் பின்னால் ஓட்டினார். முன்னால் ஓட்டினார். ஒரு ஆட்டத்தில் ஏழு தடவை, இன்னொன்றில் பதினொன்று. ஒவ்வொரு தடவையும் அதே திரும்பல், அதே தலையாட்டல். இன்னொன்றையும் பார்த்தார். முதல் பாதியில் ஆவி பறக்க இடது கைப்பிடியில் இருந்த காபிக் கோப்பை, இரண்டாம் பாதியில் வலது கைப்பிடியில் இருந்தது.

சே, உள்ளூர் மைதானத்தில் ஏதோ கண் மயக்கம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, வெளியூர் ஆட்டம் ஒன்றைப் போட்டார். ஆயிரம் மைலுக்கு அப்பால் பீனிக்ஸில் ஆடியது. அங்கேயும் லமாண்ட் இடது பக்கம்தான் திரும்பினார். அங்கே நாற்காலிகூட இல்லை, வெறும் படிக்கட்டு. அதைப் பார்த்தும் தலையாட்டினார். கிழவருக்கு விமான டிக்கெட் யார் எடுத்துக் கொடுத்தது? உயிரோடு இருந்தபோது பக்கத்து ஊருக்குக் கூப்பிட்டாலே முழங்கால் வலி என்பாரே.

சங்கு மறுபடி கத்தியது. ஆர்விட் விளக்கைப் போட்டார். பிறகு மற்ற விளக்குகளையும் போட்டார்.

சனிக்கிழமை காலை, எதுவுமே நடக்காதவர் போல மெதுவாகப் பேச்சைத் தொடங்கினார்.

"உங்கப்பாவுக்கு லமாண்டைப் பிடிக்குமா?"

"உசிரு," என்றாள் இங்கா. "இவரை விட்டுடாதீங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தாரே. நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க?"

"விட்டா என்ன செய்வாராம்?"

"அப்பாவைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? நெனச்சதை முடிக்காம எங்கயும் போகமாட்டார்."

ஆர்விட்டின் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது, வெண்ணெய் தடவிய பக்கமாக. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. தான் கண்டதை எல்லாம் கொட்டிவிட்டார். இங்கா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"அவ்வளவு சந்தேகமா இருந்தா நாளைக்கு மத்தியானம் ஆட்டம் இருக்கு. அந்த நாற்காலியில நீங்களே உக்காந்து பாத்துடுங்க. ஒண்ணு மட்டும். அப்பா உக்காந்திருக்கும்போது யாரும் அவரோட பேசக்கூடாது, ஆட்டம் முடியற வரைக்கும் திரும்பிக்கூடப் பாக்கமாட்டோம். நாளைக்கும் நான் அப்படித்தான் இருப்பேன்."

"ஒரு காலி நாற்காலிக்கு இத்தனை பயமா?" என்றார் ஆர்விட். சொன்னபோது குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மார்ச் மாதத்து முதல் வெயில். பனி உருகித் தெருவெல்லாம் ஓடியது. துலூத் மைதானத்தில் கூடைப்பந்துத் தளத்துக்கு அடியில் ஐஸ் ஹாக்கிக்கான பனிக்கட்டித் தளம் உண்டு. அதன்மேல் பலகை போட்டுத்தான் ஆடுவார்கள். வெளியே சூடு ஏறினால் உள்ளே பலகை இடுக்கிலிருந்து புகை மாதிரி எழும்பும். வருஷா வருஷம் பார்க்கிறதுதான். ஆனால் அன்றைக்கு அது முழங்கால் உயரத்துக்கு எழும்பி, நேராக ஆர்விட்டின் காலைச் சுற்றிக்கொண்டு நின்றது.

நாற்காலி ஜில்லென்று இருந்தது. வழக்கம்போல் பக்கத்தில் இங்கா. சொன்னபடி திரும்பவில்லை. காபி வந்தது. கொண்டுவந்த ஆள் ஆர்விட்டைப் பார்க்காமலே கைப்பிடியில் வைத்துவிட்டுப் போனான். வந்திருந்த எதிரணி அந்த வருஷம் முதலிடத்தில் இருந்த அணி. நாரைகள் எப்படியும் நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்கும், தீர்ப்பை எழுதுவது சுலபமாகிவிடும் என்று ஆர்விட் மனசைத் திடப்படுத்திக்கொண்டார்.

தோற்கவில்லை. பையன்கள் ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டே ஓடினார்கள். ட்ரேவன் பந்தை இந்தப் பக்கம் கொடுத்தான், அந்தப் பக்கம் கொடுத்தான். பாதி ஆட்டம் தாண்டியும் இரண்டே புள்ளிதான் வித்தியாசம்.

அப்போது லமாண்ட் திரும்பினார்.

ஆறடி ஏழங்குல மனுஷன், நாலே அடி தூரத்தில். முகம் நேராக ஆர்விட்டுக்கு எதிரே. ஆனால் கண் அவர்மேல் படவில்லை. அவரைத் துளைத்துக்கொண்டு பின்னால் எங்கேயோ போயிற்று. தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். "சரி... சரி... இப்பவே மாத்திடறேன்," என்று முணுமுணுத்தார்.

"லமாண்ட், நான்தான், ஆர்விட்," என்றார் ஆர்விட்.

லமாண்டின் முகத்தில் ஒரு ரோமம் அசையவில்லை.

"லமாண்ட்," என்றார் இன்னும் பலமாக. இமைகூடத் தட்டவில்லை. மூன்றாம் தடவை கத்தியே விட்டார். லமாண்ட் தலையாட்டிவிட்டுக் களத்துப் பக்கம் போய்விட்டார்.

ஆர்விட் பதறிப்போய் இங்காவின் பக்கம் திரும்பினார். "நான் உனக்குத் தெரியறேனா?" என்று கேட்டார்.  அவள் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, அவர் பக்கத்திலிருந்த காபியை எடுத்து இரண்டு மிடறு குடித்தாள். குடித்துவிட்டு, அவர் அங்கே இல்லாதது போலவே, வலது கைப்பிடியில் வைத்தாள்.  ஆர்விட் தன் தொடையைத் தானே கிள்ளிப் பார்த்தார். வலித்தது. ஆனால் செத்தவனுக்கும் வலிக்காது என்று யார் வந்து சொன்னது? ஒருவேளை உட்கார்ந்திருப்பது தான் இல்லை, கிழவர்தானோ? கையைப் பார்த்தார். புகை மணிக்கட்டு வரை ஏறியிருந்தது.

கடைசி மூன்று வினாடியில் ட்ரேவன் தான் எறியாமல் மூலையில் நின்ற பையனுக்குக் கொடுத்தான். அவன் எறிந்தான். நாரைகள் ஒரு புள்ளியில் ஜெயித்தன. பத்தாயிரம் பேர் எழுந்து கத்தினார்கள். ஆர்விட் எழுந்திருக்கவில்லை. 

"வீட்டுக்குப் போலாங்களா?" என்று இங்கா அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டதும்தான் அவருக்கு உயிர் வந்தது. அழுகையும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேஜையில் உட்கார்ந்து தீர்ப்பை எழுதினார். லமாண்ட் போன்ற கோச் கிடைப்பது அரிது, இளம் ஆட்டக்காரர்கள் அவர் கையில் தேறிவருகிறார்கள், இன்னும் நாலு வருஷத்துக்கு அவரை அசைக்கக்கூடாது. எழுதி முடித்ததும்தான் கடிதத்தில் இருந்த 'யாராவது ஒருத்தர்' நினைவுக்கு வந்தது.

"இங்கா, இதை அனுப்பினா என் கதி?"

"நீங்க அனுப்புங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு வார்த்தையில் அவருக்குப் பாதி பயம் விலகிற்று. பங்கெல்லாம் அவள் பெயரில்தானே இருக்கிறது, கட்டிய புருஷனை விட்டுக்கொடுப்பாளா என்று பொத்தானைத் தட்டி அனுப்பிவிட்டு, இரண்டு கிண்ணம் சூப் குடித்தார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பதில் வந்தது. ஆர்விட்டின் தீர்ப்பை டைரக்டர்கள் ஒருமனதாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். லமாண்டுக்கு நாலு வருஷ ஒப்பந்தம். தோல்விக்குப் பொறுப்பேற்று விலகும் ஜெனரல் மேனேஜருக்கு மனமார்ந்த நன்றி. ஆர்விட் அதை இரண்டு தடவை படித்தார். நன்றி என்ற வார்த்தை இரண்டு தடவையும் அங்கேயே இருந்தது.

தலை நிமிர்ந்தால் இங்கா நீலக் கோட்டும் சூட்டுமாகக் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தாள்.

"உங்கப்பா என்னை இப்படிப் பழிவாங்கிட்டாரே," என்றார் ஆர்விட். 

"எங்கப்பா எங்கங்க வந்தார்? லமாண்டுக்கு இடது காது கேக்காது. வலது காதை ஆட்டத்துப் பக்கம் வெக்கணும்னா மூஞ்சியை இடது பக்கம்தானே திருப்பணும்? ஊருல இருந்தாலும் பீனிக்ஸ்ல இருந்தாலும் அப்படித்தான். பசங்களைக் களத்துல பேச வெச்சிருக்கார். அவங்க கத்தறதைக் கேட்டுத்தான் முடிவெடுக்கறார். பத்தாயிரம் பேர் கூச்சல்ல அவங்க குரலையே தேடிட்டிருக்கறவருக்கு, நாலு அடியில நீங்க கத்தினாலும் எப்படிக் கேக்கும், நீங்க இருக்கறதே எப்படிக் கண்ணுல படும்?"

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"வேலைக்குச் சேரும்போதே எழுதிக் கொடுத்திருக்கார். மூணாம் பக்கம். கீழ உங்க கையெழுத்து."

"அப்போ அந்தக் காபி?"

"ரெண்டு வருஷமா நான்தான் குடிக்கறேன். நல்ல காபி, ஏன் வீணாக்கணும்?"

ஆர்விட் நாற்காலியில் சரிந்தார். இதை வெள்ளிக்கிழமையே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று புலம்பினார். படத்தைப் பாருங்கள் என்றுதானே சொன்னேன், பேய் பாருங்கள் என்றா சொன்னேன் என்று அவள் திருப்பிக் கேட்டாள். தன் இடத்துக்கு யார் வரப்போகிறார்கள் என்று ஆர்விட் கேட்டார். இங்கா கார் சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் அந்த நீலக் கோட்டு எதற்கென்று அவருக்கு உறைத்தது.

"நீயா? கூடைப்பந்து அணி நடத்த உனக்கு என்ன அனுபவம் இருக்கு?"

"டைரக்டர்களும் அதையேதான் கேட்டாங்க. தேறாத ஆளை வெச்சுக்கிட்டுப் பொறுமையாத் தேத்தற அனுபவம் இருக்கான்னு. இருபத்தாறு வருஷம் இருக்குன்னேன். மறு கேள்வி கேக்கலை."