பேண்டேஜ் துணியில் ஒரு மேற்குத் தொடர்ச்சி மலை

நான்காம் வகுப்புப் பிள்ளையின் புராஜெக்டை நான்காம் வகுப்புப் பிள்ளையே செய்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. என் மகளின் பள்ளியில் யாரும் அதை முயன்று பார்த்ததில்லை. செங்கோட்டையானாலும் செயற்கைக்கோளானாலும் அம்மாக்கள்தான் கட்டுவோம். பிள்ளைகள் பக்கத்தில் நின்று பேசினால் போதும்.

எனக்கு அந்தப் பேச்சில்தான் கிலி. என் மகள் தமிழினி வீட்டிலேயே குசுகுசுவென்றுதான் பேசுவாள். வகுப்பில் அவளுக்கான "உள்ளேன் மிஸ்"ஸைப் பக்கத்துப் பிள்ளைதான் சொல்லிவந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளிடம் வேண்டினேன். நாக்கில் தேன் தடவினேன். இணையத்தில் தேடினேன் (தேடியதில் எனக்குத்தான் இரண்டு வியாதி இருப்பது தெரிந்தது). புராஜெக்டுகளை வைக்கும் பள்ளிக் கண்காட்சியில் அவள் நாலு வரி பேசிவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தேன்.

தலைப்பு, 'நிலம் மனிதர் வாழ்வை எப்படி அமைக்கிறது?' நம் ஊரையே செய்து காட்டுங்கள் என்றார் மிஸ். மலையில் தண்ணீர் ஊற்றினால் ஓடை வழியாகக் கண்மாய்க்கு வர வேண்டும்.

மற்ற ஊர்க்காரர்கள் மலை செய்யத் தெர்மாகோல் வாங்குவார்கள். என் கணவருக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலையில் வேலை. ஒரு மூட்டை கழிவுத் துணியோடு வந்து, "சும்மாதான் கெடக்கு" என்றார். மைதாப் பசையில் முக்கி அடுக்கி, காயவைத்துப் பச்சை பூசினேன். உடம்பெல்லாம் கட்டுப்போட்ட நோயாளி ஒருவர் ஒருக்களித்துப் படுத்திருப்பதுபோல் மலை அமைந்தது. காயத்தின் ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே நெய்த துணி அது. பட்டம் வாங்கிய எனக்கு அது தோன்றவே இல்லை.

அடிவாரத்தில் மாந்தோப்பு, மேட்டில் பழைய ஊர், கண்மாய்க்குக் கீழே வயல். எங்கள் வீட்டை வைக்கக் கைபேசியில் செயற்கைக்கோள் வரைபடத்தைப் பார்த்தேன். ஓடை நேராக வந்து எங்கள் தெருவுக்குள் நுழைந்து, கண்மாய் ஓரம் வெளியே வந்தது.

"என்னங்க, ஓடை நம்ம தெரு வழியால்லா போவுது?"

"அது பழைய ஓடை. இப்ப ரோடு."

"அது தண்ணிக்குத் தெரியுமா?"

"ஏட்டி, அப்ரூவல் ஆன மனை. பேசாம ஒட்டு."

முன்னோர்கள் மேட்டில் ஊரையும் பள்ளத்தில் வயலையும் வைத்துவிட்டு, நடுவே அருமையான இடத்தை ஏன் காலியாக விட்டார்கள் என்று மனை வாங்கும்போது நாங்கள் யோசிக்கவில்லை. கிழக்குப் பார்த்த மனை, அது போதாதா? வீட்டைத் தள்ளி ஒட்டினால் பிள்ளைக்குப் பொய் கற்றுக்கொடுத்ததாகுமோ என்று குழம்பி, கடைசியில் இருக்கிற இடத்திலேயே ஒட்டினேன். ஓடைமேல் கறுப்புத் தாளில் ரோடும் போட்டேன்.

கண்காட்சிக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர் எங்களுக்கு அந்த மனையை விற்றவரேதான். வெள்ளை வேட்டி கண்ணைப் பறித்தது. ஒரு டம்ளர் தண்ணீரை மலைமேல் ஊற்றினார். ஒரு சொட்டு இறங்கவில்லை. இன்னொரு டம்ளர் ஊற்றினார். பிறகு ஜக்கையே கவிழ்த்தார். மலை எல்லாவற்றையும் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது.

"மலைக்கு ரொம்பத் தாகம் போலம்மா" என்றார். தமிழினி வாய் திறக்கவில்லை. நான் பின்னால் நின்று அவளுடைய வரிகளுக்கு வாயசைத்துக்கொண்டிருந்தேன் (பார்த்தவர்கள் எனக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள்). அவர் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, மலைக்கு முதுகைக் காட்டிப் புகைப்படத்துக்கு நின்றார்.

அப்போதுதான் மைதா கைவிட்டது. மலை மெல்ல இடுப்பை வளைத்துச் சரிந்தது. குடித்த தண்ணீரெல்லாம் பச்சையாக இறங்கி, ரோட்டை உரித்து, எங்கள் வீட்டைத் தூக்கிக்கொண்டு கண்மாயைத் தாண்டியது.

"அங்கிள், தள்ளுங்க. நீங்க ஓடையில நிக்கீங்க."

கடைசி வரிசைவரை கேட்ட அந்தக் குரல் என் மகளுடையது. அவர் தள்ளுவதற்குள் வேட்டியின் பின்புறம் பச்சையாகிவிட்டது. அவள் நிறுத்தவில்லை.

"எங்க வீடும் ஓடையிலதான் இருக்கு. நீங்கதான் வித்தீங்கன்னு அப்பா சொன்னாங்க."

என் கணவர் கூட்டத்தில் யாரையோ தேடுவதுபோல் வெளியே போனார். நான் மட்டும் வெட்கமில்லாமல் அழுதேன். நாலு வரியும் வந்துவிட்டதே.

பரிசு கிடைக்கவில்லை. வீட்டில் நான் கோபத்தில் பேசாமல் இருந்தால் இப்போதும் கணவர் மகளிடம், "மலை தண்ணி குடிக்குது, செத்த தள்ளி உக்காரு" என்கிறார். அதைச் சகித்துக்கொள்வேன். சிக்கல் வேறு.

அன்று திறந்த வாய் மூடவில்லை. ஞாயிறுதோறும் எங்கள் தெருவில் மீதி மனைகளைப் பார்க்கக் காரில் ஆட்கள் வருகிறார்கள். தமிழினி பாட்டில் தண்ணீரோடு ஓடி, ரோட்டில் ஊற்றி, "எந்தப் பக்கம் போவுது பாத்தீங்களா அங்கிள்?" என்று விளக்குகிறாள். விற்பவர் என் கணவருக்குப் போன் போடுகிறார். எதிர்வீட்டு அக்கா, "நம்ம வீட்டு விலையும்லா போவுது" என்று என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

பிள்ளை பேச வேண்டும் என்று கோயில் கோயிலாக நடந்தவள், இப்போது எந்த வாயால் அவளைப் பேசாதே என்பது? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். நாளை ஞாயிற்றுக்கிழமை. அவள் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருக்கிறாள்.