டிராம் அன்ரி கட்டிய கார்

ஸ்டியரிங் இல்லாத வண்டியில் ஊரையே ஏற்றி இறக்கிவிட்டு, ஸ்டியரிங் உள்ள வண்டியைக் கண்டால் விபூதி பூசிக்கொள்கிற ஒரே பெண்மணி இந்தப் பூமியில் டிராம் அன்ரியாகத்தான் இருக்க முடியும்.

மெல்போர்னில் மல்கிரேவ் பக்கம் நாங்கள் குடியிருந்தபோது அவர் பக்கத்து வீடு. யாழ்ப்பாணத்துக்காரர். நகரத்துக்குள் டிராம் ஓட்டுகிற வேலை. டிராமுக்கு ஸ்டியரிங் கிடையாது. தண்டவாளம் எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் வண்டி வளையும். ஓட்டுகிறவர் வேகத்தையும் பிரேக்கையும் மணியையும் பார்த்துக்கொண்டால் போதும். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை; 'ஆன்ட்டி' என்பதை யாழ்ப்பாண வழக்கில் 'அன்ரி' ஆக்கி, எல்லாருக்கும் அவர் டிராம் அன்ரிதான். என்னை அவர் 'அண்ணை' என்பார். நான் அவரை 'அக்கா' என்பேன். எங்களில் யார் மூத்தவர் என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை.

வேலைப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் கோயிலுக்கும் வந்துவிடும். ஒருநாள் கோயிலில் அன்னதான வரிசை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அன்ரி தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"வாசல்லை நிக்காதேங்கோ! உள்ளுக்கு நிறைய இடம் கிடக்கு. நகருங்கோ, நகருங்கோ!"

கூட்டம் நகர்ந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நகர்ந்த வேகத்தில் கோயில் செயலாளர் சமையலறைக்குள் தள்ளப்பட்டார். சற்று நேரத்தில் பார்த்தால், கையில் வாளியோடு சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ரிவர்ஸ் எடுப்பது அவரைப் பொறுத்தவரை ஓர் ஒழுக்கக்கேடு. டிராம் பின்னால் போக வேண்டுமென்றால் ஓட்டுநர் மறுமுனைக்குப் போய் அங்கே உட்கார்ந்து முன்னால் ஓட்டுவார். அதுதான் மரியாதையான முறை என்பது அவர் கட்சி. அவரிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. கடைக்குப் போனால், நேராக நுழைந்து நேராக வெளியேறுகிற மாதிரி இடம் கிடைக்கும்வரை சுற்றுவார். கிடைக்காவிட்டால் பால் வாங்காமலே திரும்பிவிடுவார். ஒருமுறை பேச்சுவாக்கில் எங்கள் வீட்டு வாசலுக்குள் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். பேசி முடித்ததும் சாவியை என் கையில் வைத்தார்.

"அண்ணை, ஆறுதலா, அவசரமில்லாமல் வெளியிலை எடுத்துவிடுங்கோ. நான் நடந்து போறன்."

இப்படிப்பட்டவர் கார் கட்டப் புறப்பட்டார் என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். காரணத்தின் பெயர் ஆரணி.

ஆரணி அவருடைய ஒரே மகள். பதினாறு வயது. வேலைக்காகப் பெர்த் போன அப்பா அங்கேயே வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டார். ஆரணி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு எதைப் பற்றியும் பேசவில்லை. ஒரு திங்கட்கிழமை தலைவலி என்று பள்ளிக்குப் போகாமல் நின்றாள். அந்தத் தலைவலி பல மாதம் நீண்டது. அவள் அறை ஜன்னல் எங்கள் பக்கம் பார்த்தது. எப்போது பார்த்தாலும் திரை மூடியே இருந்தது.

அன்ரி சும்மா இருக்கவில்லை. டாக்டரிடம் காட்டினார். மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனார். பள்ளியில் போய்ப் பேசினார். ஊர்க்காரர்களும் தங்கள் பங்குக்கு அறிவுரை கொண்டுவந்து கொட்டினார்கள். ஒருவர் சரஸ்வதி பூசை செய்யச் சொன்னார். ஒருவர் போனைப் பிடுங்கச் சொன்னார். ஒருவர் தன் மகன் மருத்துவம் படிக்கிற கதையை முழுதாகச் சொல்லிவிட்டுப் போனார். எல்லாருக்கும் அன்ரி தேநீர் கொடுத்து, "அடுத்த தரிப்பிடத்திலை இறங்குங்கோ" என்கிற முகத்தோடு வழியனுப்பினார்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை, பெரிய லாரி ஒன்று அவர் வாசலில் வந்து நின்றது. இரும்புச் சட்டம் ஒன்றும் மரப்பெட்டிகளும் இறங்கின. அன்ரி வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"அண்ணை, ஒருக்கா வாங்கோ. ஒரு கை பிடிக்கவேணும்."

"என்னக்கா இது?"

"கார்."

நான் சுற்றிலும் பார்த்தேன். "காரு எங்கக்கா?"

"உதுதான் கார். இப்ப துண்டு துண்டாக் கிடக்கு. பூட்டினால் ஒண்டாகும்."

"யாரு பூட்டப் போறா?"

"நானும் பிள்ளையும்."

"ஆரணி சம்மதிச்சிட்டாளா?"

"இன்னும் சொல்லேல்லை."

கூரையும் இல்லாமல், கதவும் இல்லாமல், தரையோடு தரையாக இரண்டு பேர் உட்கார்ந்து போகிற பழைய காலத்துப் பந்தயக் கார் மாதிரி ஒன்று அது. எல்லா உதிரிப்பாகங்களையும் பெட்டியில் போட்டு, ஒரு கையேட்டையும் வைத்து அனுப்பிவிடுவார்கள். ஆரணி சிறுவயதில் தகப்பனின் கடிகாரத்தைக் கழற்றி, திரும்பவும் பூட்டி ஓட வைத்தவளாம். 'கழற்றின பிள்ளை பூட்டமாட்டாளோ' என்று அன்ரி கணக்குப் போட்டிருக்கிறார். என் மனைவி கேட்டாள், "அதுக்கு ஒரு கடிகாரம் வாங்கிக் குடுத்திருக்கலாமே?"

மகள் வரவில்லை. அன்ரி தனியாகவே ஆரம்பித்தார். விடுமுறை நாட்களில் மகளின் ஜன்னலுக்குக் கீழே கராஜ் கதவைத் திறந்து, சட்டத்தை வாசலுக்கு இழுத்து வைத்துக்கொண்டு, டிராம் சீருடையின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, கையேட்டை உரக்கப் படிப்பார். பிறகு டம் டம் என்று தட்டுவார். முன்சக்கரத்தைத் தாங்குகிற முக்கோணக் கம்பி ஒன்று இருந்தது. அதை ஒரு நாள் முழுக்கப் போராடிப் பூட்டினார். அடுத்த நாள் அதன் ஜோடியையும் பூட்டினார். தூர நின்று பார்த்துக்கொண்டு திருப்தியாகத் தலையாட்டியபோது மேலே ஜன்னல் திறந்தது.

"அம்மா! இட்ஸ் அப்சைட் டவுன்!"

ஆரணியின் குரலை மாதக்கணக்கில் நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. என் கையில் இருந்த தோட்டக் குழாய் என் காலணியை நிரப்பிக்கொண்டிருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

"இல்லையம்மா, சரியாத்தான் கிடக்கு," என்றார் அன்ரி நிமிராமலே.

"போத் ஆஃப் தெம், அம்மா!"

"நீ மேலை நிண்டு பாக்கிறாய். அதுதான் தலைகீழாத் தெரியுது."

ஜன்னல் சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் கசங்கிய இரவு உடையும் கம்பளிச் செருப்புமாக ஆரணி கராஜுக்கு வந்தாள். தாயின் கையிலிருந்து ஸ்பானரைப் பிடுங்கினாள். இரண்டு கம்பிகளையும் கழற்றித் திருப்பிப் பூட்டினாள். போகவில்லை. அடுத்த பெட்டியைத் திறந்தாள்.

பிறகொரு நாள் நான் அன்ரியிடம் தனியாகக் கேட்டேன். "வேணும்னுதானே தப்பா மாட்டுனீங்க? பொண்ணை வெளிய வரவைக்க?"

அன்ரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்பிடி எண்டு சொல்ல நல்லாத்தான் இருக்கும் அண்ணை. ஆனா எனக்கு உண்மையிலேயே விளங்கேல்லை."

அன்றிலிருந்து கராஜில் ஆட்சி மாறியது. ஆரணி முதலாளி, அன்ரி உதவியாள். மகள் ஆங்கிலத்தில் கேட்பாள். தாய் தமிழில் தேடுவார். "அந்த நண்டுக்கால் மாதிரிக் கிடக்கிறதோ? தோசைக்கரண்டி மாதிரிக் கிடக்கிறதோ?" என்பார். நாளடைவில் ஆரணியும் "பாஸ் மீ த நண்டுக்கால்" என்று கேட்கத் தொடங்கினாள்.

நட்டும் வாஷரும் உருண்டு ஓடாமல் இருக்க, என் மனைவியின் இட்லித் தட்டுகளை அன்ரி கடன் வாங்கினார். குழிக்கு ஒரு வகை. அருமையான ஏற்பாடு. நன்றாகக் கழுவித்தான் திருப்பிக் கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இட்லியைக் கடித்ததும் ஏதோ கடக்கென்றது.

"முந்திரி போட்டிருக்கியா?" என்றேன் ஆசையாக.

"இட்லியில யாராவது முந்திரி போடுவாங்களாங்க?"

வாஷர். அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஆரணி பாய்ந்து வாங்கினாள். "ஓ மை காட் அங்கிள், இதைத் தேடி ஃப்ளோர் முழுக்கத் தவழ்ந்தோம்!" அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பல் போனாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

வயரிங் முடிந்த நாளில் எங்களை விழாவுக்கு அழைத்தார்கள். ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஆடியது. வலப்பக்க விளக்கைப் போட்டால் இடப்பக்கம் கண் சிமிட்டியது. பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது. அன்ரிக்கு அது மிகவும் பிடித்துப்போனது. "நிக்கேக்கை சத்தம் போட்டால் நல்லதுதானே? அப்பிடியே விடு" என்றார். ஆரணி விடவில்லை. எல்லாவற்றையும் பிரித்து, வயருக்கு வயர் தேடி, மறுபடி இணைத்தாள்.

சொந்தமாகக் கட்டிய காரைச் சும்மா ரோட்டில் ஓட்டிவிட முடியாது. அரசு அனுமதி பெற்ற பொறியாளர் ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் வந்தார். காருக்கு அடியில் படுத்தார், விளக்கடித்தார், ஆட்டினார், தட்டினார். கடைசியில் பயணி இருக்கையின் பெல்ட்டைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். அது பூட்டியிருந்த இடம் லேசாக வளைந்தது.

"நாட் டுடே," என்றார் தாழ்ந்த குரலில். அந்த இடத்தைப் பலப்படுத்தி விட்டுக் கூப்பிடச் சொல்லிப் போனார். சின்ன வேலைதான். ஆனால் அதைப் பூட்டியவள் ஆரணி. அந்த இருக்கையில் உட்காரப்போகிறவர் அவள் தாய். பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மாடிக்குப் போனாள். திரை மூடியது.

அடுத்தடுத்த நாட்களும் அது திறக்கவில்லை. என் மனைவி பாத்திரம் கழுவும்போதெல்லாம் அந்த ஜன்னலைப் பார்த்துப் பார்த்து ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். அன்ரி வேலைக்குப் போனார், வந்தார். மகள் கதவுக்கு வெளியே சாப்பாடு வைத்தார். எங்களிடம் மட்டும் ஒருதரம் சொன்னார்: "நான் அவளிட்டை அதைப்பற்றி ஒண்டும் கதைக்கேல்லை அண்ணை. கதைச்சால் அழுதுபோடுவன். நான் அழுதால் அவள் இன்னும் பயப்பிடுவாள்."

பிறகு ஒருநாள் அன்ரி வேலைக்குப் போயிருந்தார். பிற்பகலில் பக்கத்திலிருந்து 'விர்ர்' என்று துளைபோடும் இயந்திரத்தின் சத்தம். எட்டிப் பார்த்தேன். கராஜ் திறந்திருந்தது. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு ஆரணி காருக்குள் குனிந்திருந்தாள்.

"அங்கிள், இந்தத் தகட்டைப் பிடிக்கிறீங்களா? அசையக் கூடாது."

பிடித்தேன். அவள் துளையிட்டாள், சரிபார்த்தாள், திருப்தியில்லாமல் வேறு தகடு எடுத்தாள், மறுபடி அளந்தாள். முதுகு வலித்தது, சொல்லத் தைரியம் வரவில்லை. இடையில் வெளியே பார்த்தபோது, சீருடையும் தோள்பையுமாக அன்ரி தெருமுனையில் வருவது தெரிந்தது. இயந்திரச் சத்தம் அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அப்படியே நின்றுவிட்டார். நான் கையசைக்கப் போனேன். அவர் அவசரமாக உதட்டில் விரலை வைத்தார். திரும்பி நடந்து, எதிர்ப்புறம் இருந்த பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு பஸ் வந்தது. நின்றது. கதவு திறந்தது. அன்ரி வேண்டாம் என்று கைகாட்டினார். பஸ் போனது. வெயில் சாய்ந்தது, குளிர்காற்று எழுந்தது. அடுத்த பஸ் வந்தது. அதற்கும் கைகாட்டினார். அந்த ஓட்டுநர் இறங்கியே வந்து, உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று கேட்டாராம். "நல்லாத்தான் இருக்கிறன். என்ர பிள்ளை வேலை செய்யிறாள்" என்று அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னாராம். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டிவிட்டுப் போனாராம்.

சத்தம் நின்று, ஆரணி கையுறையைக் கழற்றிய பிறகுதான் அன்ரி வீட்டுக்கு வந்தார். அப்போதுதான் வேலையிலிருந்து வருகிறவர் போல, "என்ன, ரெண்டு பேரும் இஞ்சை நிக்கிறியள்?" என்றார்.

ஆரணி பெல்ட்டைக் காட்டினாள். "இழுத்துப் பாருங்க அம்மா."

அன்ரி பையைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் பிடித்து, காலைச் சட்டத்தில் ஊன்றி, டிராமையே நிறுத்துகிறவர் மாதிரி இழுத்தார். கார்தான் அசைந்தது. தகடு அசையவில்லை.

"இனி இதிலை நம்பி இருக்கலாம்," என்றார். பிறகு சமையலறைக்குப் போய் நெடுநேரம் தண்ணீரைத் திறந்து விட்டிருந்தார்.

வெள்ளைத் தாடிக்காரர் மறுபடி வந்தார். அதே பெல்ட்டை இழுத்தார். இம்முறை அவர் முழங்கால்தான் சத்தம் போட்டது. ஆரணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நம்பர் பிளேட் வந்தது. மஞ்சள் நிற 'எல்' போர்டு மாட்டி ஆரணி ஓட்ட, பக்கத்தில் அன்ரி நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, தெருவில் நின்ற எங்கள் அனைவருக்கும் உற்சவமூர்த்தி மாதிரி கைகாட்டிக்கொண்டே போனார்.

ஆரணி இப்போது வேறு பள்ளியில் படிக்கிறாள். அங்கே வாகனத் தொழிலும் ஒரு பாடம். வாரத்தில் ஒரு நாள் ஒரு பட்டறைக்குப் பயிற்சிக்குப் போகிறாள். இன்னும் சில காலைகளில் தலைவலி வருகிறதாம். வந்தாலும் மதியத்துக்குள் எழுந்துவிடுகிறாளாம்.

நாங்கள் கிளென் வேவர்லிக்கு வந்துவிட்டோம். எல்லாரும் பிள்ளையின் பள்ளிக்காக இங்கே வீடு மாறுவார்கள். நாங்கள் பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு மாறினோம். எங்கள் கணக்கு எப்போதும் அப்படித்தான். மாதத்தில் ஓரிரு ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் அந்தக் கூரையில்லாத காரில் எங்களைப் பார்க்க வருவார்கள். மெல்போர்ன் குளிரில் மூக்கு சிவந்து, பல் கிட்டித்து, "வணக்கம்" என்ற சொல்லையே நாலு துண்டாகச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைவார்கள். எங்கள் வாசல் நாற்காலியில் இரண்டு கம்பளிப் போர்வைகளை மடித்து வைத்திருக்கிறாள் என் மனைவி. கோடையிலும் அவற்றை அவள் எடுத்து வைப்பதில்லை.