குட்டை ஜாக்கெட்டும் உயர்மட்டக் குழுவும்

உலக வரலாற்றில் பின்பக்கமாக நடந்தே முன்னேறிய ஆடை நிறுவனம் எங்களுடையது ஒன்றுதான். அந்தப் பெருமைமிகு பயணத்தில், உயர்மட்டக் குழுவின் செயலாளராக, அதாவது குறிப்பெடுக்கிறவனாகவும் ஜன்னலைத் திறந்து மூடுகிறவனாகவும், கூடவே நடக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

எங்கள் முதலாளிக்கு ஒரே மகள். உடை வடிவமைப்பை முறையாகப் படித்தவள். அவளுக்குக் கல்யாணமானதும் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவர் நியமிக்கப்பட்டார்: அவளுடைய கணவர். அலுவலகமே அவரை 'மாப்பிள்ளை' என்றுதான் அழைத்தது. பதவிக்கான தகுதி அந்தச் சொல்லிலேயே அடங்கியிருந்ததால் வேறு சான்றிதழ் கேட்கும் அவசியம் எழவில்லை.

ஒருநாள் மகள், தானே தைத்த குட்டை ஜாக்கெட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். பழைய காலத்துப் பாணி. இடுப்போடு நின்றுவிடும் நீளம், அகலமான காலர், தோளில் லேசான புடைப்பு, பெரிய பெரிய பட்டன்கள், மணிக்கட்டு வரை கை உள்ளே போகிற இரண்டு பைகள். மதியத்துக்குள் தையல் பிரிவுப் பெண்கள் அவளை மாடிப்படியில் மடக்கி, தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஓர் உடை பெண்களுக்குப் பிடித்துப்போவது நிர்வாகச் சீர்கேடு. விஷயம் உடனடியாக உயர்மட்டக் குழுவின் முன் வைக்கப்பட்டது; குழுவின் பெயரும் 'பெண்கள் ஜாக்கெட் வடிவமைப்பு உயர்மட்டக் குழு' என்று நீண்டது.

குழுவில் முதலாளி, மாப்பிள்ளை, கணக்கு மேலாளர், விற்பனை மேலாளர். மகளுக்கும் அழைப்பு உண்டு, நாற்காலிதான் இல்லை. அவள் வாசலருகே நின்றபடி 'பங்கேற்றாள்'.

முதல் கூட்டம் முழுக்க, ஜாக்கெட் என்பது உள்ளே போடுவதா மேலே போடுவதா என்ற ஆராய்ச்சிக்கே சரியாகப் போயிற்று. மேலே போடுவதுதான் என்று மகள் பலமுறை சொன்னாள். கணக்கு மேலாளர் ஒருமுறை சொன்னார், ஏற்கப்பட்டது.

அடுத்தடுத்த கூட்டங்களில் ஜாக்கெட் செம்மை பெற்றது. பை இருந்தால் எதையாவது வைப்பார்கள், வைத்தால் புடைக்கும், புடைத்தால் அழகு போய்விடும் என்று விற்பனை மேலாளர் தொலைநோக்குடன் எச்சரித்தார். பைகள் நீங்கின. பை இருப்பதுபோல ஒரு கோடு மட்டும் 'மரபு கருதி' விட்டுவைக்கப்பட்டது. துணியை மிச்சம் பிடிக்கக் கணக்கு மேலாளர் கைச்சுற்றைக் குறைத்தார். மாப்பிள்ளை இடுப்பை இன்னும் இறுக்கச் சொன்னார்.

"இதைப் போட்டுக்கிட்டு கையைத் தூக்க முடியாதுங்க" என்றாள் மகள்.

அந்தக் காலத்துப் பெண்கள் கையைத் தூக்கியதே இல்லை என்று மாப்பிள்ளை பொறுமையாக விளக்கினார். பழைய புகைப்படங்களில் பார்த்தாராம். புகைப்படத்துக்கு நிற்கிறவர்கள் கையைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் நிற்பார்கள் என்பதை எடுத்துச் சொல்லச் செயலாளருக்கு அதிகாரம் கிடையாது.

குழுவின் ஜாக்கெட் மாதிரிக்குத் தைக்கப்பட்டு வந்தது. மகளைப் போட்டுக்காட்டச் சொன்னார்கள்.

"நீங்க செஞ்சது. நீங்களே போட்டுப் பாருங்க."

குழுவினர் முதலில் தங்கள் தொப்பையைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒல்லி.

போட்டுக்கொண்டேன். பிறந்ததிலிருந்து கிடைக்காத கவனம் எனக்கு அன்று கிடைத்தது. வயிற்றை எக்கச் சொன்னார்கள். மெதுவாகத் திரும்பச் சொன்னார்கள். முகத்தைக் கொஞ்சம் சிரித்தாற்போல் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். என் தோளைப் பற்றியும் இடுப்பைப் பற்றியும் என் எதிரிலேயே கலந்தாலோசித்தார்கள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பை இல்லாததால் பேனாவை வாயில் கவ்வியிருந்தேன். ஆகவே கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

மூச்சு முட்டியது. மேசையிலிருந்த தண்ணீரை எட்டி எடுக்கப் போனேன். அக்குளில் படாரென்று தையல் விட்டது.

மாப்பிள்ளை எழுந்து வந்து கிழிசலை ஆராய்ந்தார். "ஜாக்கெட்ல ஒரு குறையும் இல்ல மாமா. இவருக்குத்தான் உடம்பு சரியில்ல."

எனக்கு உடம்பு சரியில்லை என்று நடவடிக்கைக் குறிப்பில் நானே எழுதினேன். விடுப்பு மட்டும் தரவில்லை.

மகள் சிரிக்கவில்லை. உள்ளே வந்து, என் தோளிலிருந்து அதைப் பதமாகக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "வலிக்குதா?" என்று கேட்டாள். போட்டிருந்தவரைப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வி குழுவின் வரலாற்றில் அது ஒன்றுதான். நடைமுறைக்குப் புறம்பானது என்பதால் குறிப்பில் சேர்க்கவில்லை. பிறகு அவள் முதலாளியிடம், "அப்பா, நான் கிளம்பறேன்" என்றாள்.

எங்கே என்று கேட்டார்.

"உட்கார நாற்காலி இருக்கிற இடத்துக்கு."

எதிர்ப்பக்கக் கட்டடத்தில் ஓர் அறை பிடித்துத் தைக்க ஆரம்பித்தாள். தையல் பிரிவிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக வீதியைக் கடந்தார்கள். கொஞ்ச நாளில் பேருந்து நிறுத்தத்தில், வங்கியில், மருத்துவமனை வரிசையில் எங்கு பார்த்தாலும் பெண்கள் பைக்குள் கைவிட்டுக்கொண்டு ஒய்யாரமாக நின்றார்கள். குழு திருத்தித் தைத்த எங்கள் ஜாக்கெட்டுகள் விற்காமல் கிடங்கில் கூரையைத் தொட்டன. மாலையில் மாப்பிள்ளை அவள் இருக்கும் அதே வீட்டுக்குத்தான் போனார். அங்கே உயர்மட்டக் குழு இல்லாததால் அதிகம் பேசுவதில்லை என்று கேள்வி.

ஒருநாள் நான் ஜன்னலை மூடப் போனபோது முதலாளி தடுத்தார். எதிர் வாசலில் பெண்கள் மொய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி நின்றார்.

"சாப்பிட்டாளோ என்னவோ" என்றார். சற்றுப் பொறுத்து, "இது குறிப்புல வேண்டாம்" என்றார்.

விற்பனை வீழ்ச்சி பற்றி அவசரக் கூட்டம் கூடியது. ஜாக்கெட்டைத் திருத்தலாமா என்று விற்பனை மேலாளர் தயங்கித் தயங்கி இழுத்தார்.

மாப்பிள்ளை மறுத்தார். "ஜாக்கெட் சரியாத்தான் இருக்கு. பொம்பளைங்கதான் சரியில்ல. தோள் அகலம், கை நீளம், மூச்சு வேற ஜாஸ்தி விடறாங்க. முதல்ல அவங்களைச் சரிபண்ணணும்."

முதலாளி ஜன்னலைப் பார்த்தபடியே தலையசைத்தார். 'பெண்கள் ஜாக்கெட் வடிவமைப்பு உயர்மட்டக் குழு' என்ற பெயரிலிருந்து 'ஜாக்கெட்' என்ற சொல்லை மட்டும் நீக்கிவிட்டுப் பணியைத் தொடர்வதென்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எங்கள் நிறுவனம் இதுவரை வெளியிட்டவற்றில் அசல் பழைய காலத்துச் சரக்கு அந்தத் தீர்மானம்தான்.